பழைய இரும்புக்குப் பின்பாட்டு

தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது என் குரல், நானோ சன்னலோரத்து நாற்காலியில் மடியில் சிலேட்டுப் பலகையுடன் வாய் மூடி அமர்ந்திருக்கிறேன், அது எனக்காகக் காத்திருப்பதில்லை, முதலில் பணிமனைச் சங்கைப் போல நீண்டதொரு கூவல், கூவலின் உச்சியில் மெல்லிய நடுக்கம், பிறகு அதே மூச்சில் பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம், லோடு ஆட்டோவின் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வழிந்து, ரயில்வே குடியிருப்பின் முருங்கை மரங்களைத் தாண்டி, துணி காயும் கொடிகளை அசைத்துவிட்டு, என்னை யாரென்றே அறியாததுபோல் அடுத்த தெருவுக்குள் நுழைகிறது, நீங்கதான் வீட்டுக்குள்ளயே கெடக்கீங்க, உங்க குரலாச்சும் காத்தாட வெளிய போய்ட்டு வருதே என்கிறாள் என் மனைவி அமலோற்பவம், கீரை ஆய்ந்தபடி, அவள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சிலேட்டு அவள் பள்ளியிலிருந்து வந்தது, தாலி கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் தொடங்கிய வாக்கியத்தைத் தான் முடிப்பது இப்போதுதான் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி மகிழ்கிறாள், நான் மறுத்து எழுதச் சுண்ணக்கோலைத் தேடுகிறேன், தேடும் என் கையின் மேல், நினைவில், தில்லைநகர் மருத்துவரின் அறை வெளிச்சம் விழுகிறது, மூக்கின் வழியே குழாயைச் செலுத்தி அவர் என் தொண்டையைத் திரையில் காட்டுகிறார், இரண்டு வெள்ளை நாடாக்கள், அவற்றின் விளிம்பில் சம்மட்டி பிடிப்பவரின் உள்ளங்கையைப் போலக் காய்ப்பு, என்னென்ன சார் பாடுவீங்க என்று கேட்கிறார், நான் சொல்லச் சொல்ல அவருடைய புருவங்கள் ஏறிக்கொண்டே போகின்றன, ஏன் சார், இந்த ஒரு தொண்டைக்குள்ள எத்தன பேரு குடியிருக்காங்க, ஒருத்தர மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்கள காலி பண்ணச் சொல்லுங்க, நான் நெஞ்சை நிமிர்த்தி, அடிப்படையில் நான் ராக் பாடகன் டாக்டர், மற்றவை யாவும் கிளைகள் என்கிறேன், கிளையெல்லாம் சேந்துதான் மரத்தச் சாய்ச்சிருக்கு என்கிறார் அவர், நான் சொல்ற வரைக்கும் பேச்சு கெடையாது, முணுமுணுப்பும் கூடாது, அப்புறமும் அந்தச் சங்கு ஊதுற வேலை மட்டும் இந்த ஜென்மத்துல வேணாம்.

சங்கு, அதுதானே நான், அதுதானே தண்டவாளம், தண்டவாளம் என்பது எங்கள் ராக் குழுவின் பெயர், பொன்மலையில் ரயில்வே பணிமனையின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உண்டு, சங்கொலிக்கு உறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள், டெரன்ஸ் என்னும் என் நண்பன் பிஸ்கட்டு டின்களின் மேல் தாளம் போட்டுப் போட்டு ஒருநாள் உண்மையான டிரம்ஸுக்கு உயர்ந்தவன், பகலில் பணிமனையில் கொதிகலனைத் தட்டுவான், மாலையில் தோலைத் தட்டுவான், இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை என்பது அவன் மனைவியின் கருத்து, எங்கள் முதல் மேடை ரயில்வே இன்ஸ்டிடியூட் அரங்கம், கிறிஸ்துமஸ் நடனத்துக்கு முந்திய மாலை, இரண்டாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போனது, கிட்டார் செத்தது, ஒலிவாங்கி செத்தது, இருட்டில் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது, மக்களை இருத்திவைக்க ஏதேனும் செய்தாக வேண்டுமென்ற பதற்றத்தில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரிய ஒலியை, பணிமனைச் சங்கை, அடிவயிற்றிலிருந்து ஊதினேன், என்ன நிகழ்ந்தது தெரியுமா, அரங்கில் பாதிப் பேர் கால்நூற்றாண்டுப் பழக்கத்தில் சட்டென்று எழுந்து, சாப்பாட்டுப் பையைத் தேடும் கைகளோடு வரிசையாக வீட்டுக்குப் போய்விட்டார்கள், எஞ்சியவர்கள் எங்கள் ரசிகர்கள் ஆனார்கள், அன்றுமுதல் எங்கள் தலைப்பாட்டு அந்தக் கூவலோடுதான் தொடங்கும், கூவல் அடங்கும் இடத்தில் டெரன்ஸின் முதல் அடி விழும், அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை, அந்தப் பாட்டு இல்லாமல் தண்டவாளம் இல்லை, இப்போது அதே அரங்கில் எங்கள் வெள்ளிவிழா, சுவரொட்டியெங்கும் நான் வாயைப் பிளந்து நிற்கிறேன், ஊரெங்கும் ஒட்டிவிட்டார்கள், அந்த வாயிலிருந்து இனி எது வரும் என்பதை அறியாதவன் ஒருவன் மட்டும் சன்னலோரம் அமர்ந்திருக்கிறான்.

ஒரு ராக் பாடகனுக்குத் திருச்சியில் ஆண்டுக்குச் சில மேடைகளே வாய்க்கும், மீதி நாட்களில் தொண்டை எங்கே போகும், அது நாய்க்குட்டி போல், கூப்பிட்டவர் பின்னால் எல்லாம் ஓடியது, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பஜனைக் குழு, அதன் தலைவர் வைத்திலிங்க குருசாமி என்னைச் சாமி என்பார், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் நற்செய்திக் கூட்டங்களின் பாடகர் குழு, அதை நடத்தும் சிஸ்டர் எப்சிபா என்னைப் பிரதர் என்பார், நான் ராக் பழக்கத்தில் முடியை விரித்துத் தலையைச் சுழற்றியபோது பந்தலில் முன்வரிசை முழுவதும் அழுதுவிட்டது, அது பழக்கதோஷம் சிஸ்டர் என்றேன், பரவால்ல பிரதர், ஆண்டவர் எத வச்சும் வேலை செய்வார் என்றார், முகூர்த்த மாதங்களில் திருமண இன்னிசை, கோடையில் குழந்தைகள் படமொன்றில் காக்கைக்குக் குரல், ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிரான இரண்டு வேட்பாளர்களுக்கும் பிரசாரப் பாட்டுப் பாடிக்கொடுத்தேன், இரண்டு ஆட்டோக்களும் பொன்மலைப்பட்டிக் கடைவீதியில் நேருக்கு நேர் மாட்டிக்கொள்ள, கையில் தேநீர்க் குவளையுடன் நான் நின்று, என்னை நானே துரோகி என்று வசைபாடுவதைக் கேட்டேன், இரண்டும் நியாயமாகவே பட்டன, இவ்வளவுக்கும் நடுவே ராக் மேடையில் ஒரு பாட்டை முடித்த வேகத்தில், கைகளை உயர்த்தி, என்னையறியாமல் சாமியே என்று கூவிவிட்டேன், கறுப்பு பனியன் அணிந்த கூட்டம் ஒரே குரலில் சரணம் ஐயப்பா என்றது, டெரன்ஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான், மேன், உனக்கு எது வீடு எது சத்திரம்னே தெரியல மேன் என்றான், எல்லாம் வீடுதான் மச்சான் என்றேன், அவன் சிரிக்கவில்லை.

எல்லாவற்றிலும் சின்னது, கிளையென்று எண்ணவும் நான் கூசியது, செல்லையாவின் வேலை, செல்லையா பழைய இரும்பு வாங்குபவர், சில ஆண்டுகளுக்குமுன், தெருத்தெருவாய்க் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்த நாளில், அண்ணே, நீங்கதான் நல்லாக் கத்துவீங்களாமே, ஒருதரம் கத்திக் குடுங்கண்ணே, நான் போட்டுக்கிட்டே போறேன் என்று வந்து நின்றார், இல்லையென்று சொல்லும் பழக்கம் என் தொண்டைக்கு இல்லை, ஒலிப்பதிவு தொடங்கியதும் எனக்குள்ளிருந்த கலைஞன் விழித்துக்கொண்டான், ஒரு கம்பீரமான முன்னுரை இன்றி இரும்பைப் பற்றி எப்படிப் பேசுவது, சங்கை ஊதிவிட்டேன், அன்று தொண்டை பட்டாக இருந்தது, அவ்வளவு சுத்தமாக எந்த மேடையிலும் வந்ததில்லை, மறுநாள் முற்பகலில் செல்லையாவின் ஆட்டோ குடியிருப்புக்குள் நுழைந்ததும், ஓய்வுபெற்ற ஃபோர்மேன்கள் எல்லாம் மதிய உணவுக்கு அமர்ந்துவிட்டார்கள், சோறு இன்னும் வேகவில்லை என்று சொன்ன மனைவியரோடு சண்டை மூண்டது, ஒருவர் பணிமனைக்கே புகார் சொல்லப் போனார், எங்கள் குழுவின் ஒரே ஒலிநாடாவை டெரன்ஸ் தன் வேன் கண்ணாடியோரம் வெயிலில் வைத்து அப்பளமாக்கியவன், ஆகவே உலகத்தில் அந்தக் கூவல் பதிந்திருப்பது செல்லையாவின் மெமரி கார்டில் மட்டுந்தான், இதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை, பேச்சு நின்றபின் ஒரு பிற்பகல் தூக்கத்தில் என் குரல்கள் ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து இறங்கி வருகின்றன, மாலை போட்ட குரல், வெள்ளுடுத்த குரல், காக்கைக் குரல், துரோகி துரோகி என்று ஒன்றையொன்று சுட்டும் இரட்டைக் குரல்கள், எல்லாம் எங்கள் கூடத்தில் அமர்ந்து அமலோற்பவத்திடம் காப்பி வாங்கிக் குடிக்கின்றன, எனக்கு உட்கார இடமில்லை, யாரு நீங்க என்று என்னைக் கேட்கின்றன, விழித்துப் பார்த்தால் கூடத்தில் உண்மையாகவே ஆட்கள்.

நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள், வைத்திலிங்க குருசாமி சாத்துக்குடிப் பையுடன், சிஸ்டர் எப்சிபா ஹார்லிக்ஸ் புட்டியுடன், ஒருவரையொருவர் அதற்குமுன் பார்த்திராதவர்கள், சாமிக்கு இப்ப எப்படி இருக்கு என்று அவரும், பிரதருக்கு எப்படி இருக்கு என்று இவரும் ஒரே நேரத்தில் கேட்க, இருவரும் திடுக்கிட்டுத் திரும்பி, வீட்டில் வேறு யாரேனும் படுத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள், ரெண்டும் இவருதான், உக்காருங்க என்றாள் அமலோற்பவம், எனக்குள் ஓர் இனிய அச்சம் மூண்டது, என்னை விட்டுத்தர இவர்கள் உடன்படமாட்டார்களே, கூடத்தில் வழக்கு நடக்குமே, என்று அவர்களை ஆற்றுப்படுத்தச் சிலேட்டில் எழுதத் தொடங்கினேன், நாற்பதைக் கடந்தபின் பள்ளிப் பாடநூல்களை வைத்துத் தமிழ் எழுதக் கற்றவன் நான், அதற்குமுன் பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் குறித்துவைத்தே பாடினேன், கற்றதை அரைகுறையாக எழுத மனம் வராது, அன்பிற்குரியீர், உங்கள் அனைவரின் பிரிவையும் என் நெஞ்சம் எங்ஙனம் தாங்கும் என்று எழுதி முடிப்பதற்குள், குருசாமி தொண்டையைக் கனைத்து, சாமி ஒண்ணும் மனசுல வச்சுக்கக் கூடாது, லால்குடிலேருந்து ஒரு தம்பி வந்திருக்காப்ல, ஐயப்பனே அனுப்புன மாதிரி, வர்ற மண்டலத்துக்கு அவரையே பாடச் சொல்லிட்டோம், நீங்க ரெஸ்டு எடுங்க என்றார், சிஸ்டர் பெருமூச்சு விட்டு, அப்பாடா, நானும் அதத்தான் எப்படிச் சொல்றதுன்னு ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன், எங்களுக்கும் தூத்துக்குடிலேருந்து நல்ல குரலா ஒண்ணு கெடச்சிருச்சு பிரதர், தலையச் சுத்தாமலே அழவைக்கிறாங்க என்றார், இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நிம்மதியாகப் புன்னகைத்துக்கொண்டார்கள், நான் சிலேட்டை உயர்த்திப் பிடித்திருந்தேன், யாரும் படிக்கவில்லை, மெல்லக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன், அழிக்கும்போது சுண்ணத்தூள் கண்ணில் பட்டது, அதனால்தான்.

அப்போது டெரன்ஸ் வந்தான், பழமும் இல்லை புட்டியும் இல்லை, வேலைச்சட்டையிலேயே வந்து வாசற்படியில் அமர்ந்தான், மேன், டாக்டர் என்ன சொன்னாங்கன்னு அமலு சொல்லிச்சு, ஒரே ஒரு கேள்வி, சங்கு வருமா வராதா, நான் இல்லையென்று தலையசைத்தேன், தலையசைப்பதற்குச் சொற்கள் தேவைப்படாதது அன்று கொடுமையாக இருந்தது, அவன் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், கீபோர்டுல வாசிச்சுப் பாத்தோம் மேன், ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி இருக்கு, பாதிப் பேரு வழி விட்டுட்டு நிக்கிறான், சங்கு இல்லாம அந்தப் பாட்டு வேணாம், அந்தப் பாட்டு இல்லாம மேடையும் வேணாம், கேன்சல்னு சொல்லிரவா, சொல்லு, என்று கேட்டான், குருசாமியும் சிஸ்டரும் சாவு வீட்டில் அமர்வதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டார்கள், எல்லாக் கிளைகளும் உதிர்ந்துவிட்டன, மரமும் போகுமானால் இந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவன் யார், சாமியும் இல்லை, பிரதரும் இல்லை, மேனும் இல்லை, நான் சுண்ணக்கோலை எடுத்தேன், அந்த நேரத்தில் தெருமுனையில் திரும்பியது என் குரல், நீண்ட கூவல், உச்சியில் நடுக்கம், கூடத்தில் எல்லோரும் அசையாமல் கேட்டார்கள், அமலோற்பவம் அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து, இந்தா போகுதே உங்க சங்கு, பேரீச்சம்பழம் வாங்கிக்கிட்டு என்றாள், டெரன்ஸ் எழுந்தான், தெருவில் ஓடினான், நில்லுய்யா நில்லு என்று கத்திக்கொண்டு ஓடுபவனைக் கண்ட செல்லையா பெரிய சரக்கு வருகிறதென்று ஆட்டோவை ஓரங்கட்டினார், தராசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவரிடம், இரும்பு இல்லய்யா, உன் ஸ்பீக்கர்தான்யா வேணும், சாயங்காலம் ஒருநா மட்டும் என்றான் டெரன்ஸ், அண்ணனுக்காகன்னா வண்டியவே எடுத்துக்கங்க என்றார் செல்லையா, நான் சினத்தோடு, கால்நூற்றாண்டுக் காலம் மேடையில் நின்ற கலைஞன் பழைய இரும்பு வண்டிக்குப் பின்பாட்டுப் பாடுவது எவ்வாற்றானும் ஏற்புடையதன்று என்று எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவர்கள் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள், குருசாமி சாத்துக்குடி உரித்துச் செல்லையாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாழ்ந்த குரலில் பேசலாம் பாடலாம் என்று மருத்துவர் அனுமதி தந்தபின்பும் நான் வாயைத் திறக்கவில்லை, ஒத்திகையில் உதடுகளை மட்டும் அசைத்தேன், பூட்டிய அறைக்குள் ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்வதென்ற அச்சம், வெள்ளிவிழா மாலை, இன்ஸ்டிடியூட் அரங்கம் நிரம்பியிருக்கிறது, அதே நாற்காலிகள், அன்று எழுந்துபோனவர்கள் தலை நரைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், பக்கவாட்டுக் கதவோரம் லோடு ஆட்டோ, செல்லையா வெள்ளைச் சட்டையில் தலையைப் படிய வாரி நிற்கிறார், டெரன்ஸ் குச்சியைத் தூக்கினால் போடவேண்டும், கூவல் முடிந்ததும் நிறுத்திவிடவேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு, குச்சி உயர்ந்தது, சங்கு எழுந்தது, அரங்கத்தின் ஓட்டுக்கூரையில் மோதி அது திரும்பி வந்தபோது என் இளமை என்னைக் கடந்து போவதுபோல் இருந்தது, உடனே, ஐயோ, முன்வரிசை முழுவதும் எழுந்துகொண்டது, பழக்கம், நரம்பில் ஊறிய பழக்கம், முழங்கால் வலியையும் மீறி எழுந்து, அருகிலிருக்கும் பையைத் துழாவி, கதவை நோக்கித் திரும்பிவிட்டார்கள், பின்வரிசைகளும் அவர்களைப் பார்த்து எழத் தொடங்கின, அன்று கேட்ட அதே நாற்காலி ஓசை, மறுபடியுமா என்று நான் டெரன்ஸைப் பார்க்க, டெரன்ஸ் செல்லையாவைப் பார்க்க, செல்லையா இயந்திரத்தை நிறுத்த மறந்து, வாய் பிளந்து, தான் அன்றாடம் கேட்ட அதையே முதன்முறையாகக் கேட்பவர்போல் நின்றுகொண்டிருந்தார், பழைய இரும்பு என்றது என் குரல், பழைய பிளாஸ்டிக் என்றது, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம், எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள், பணிமனைச் சங்கு இரும்பு கேட்காது என்பது அவர்களுக்குத் தெரியும், அடப்பாவி, நம்ம செல்லையா வண்டிடா என்றார் ஒரு பழைய ஃபோர்மேன், அரங்கமே சிரித்தது, சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் திரும்ப வந்து அமர்ந்தார்கள், என் கலை எழுப்பிவிட்ட கூட்டத்தை என் கிளை அமர்த்திவைத்தது, வெட்கத்தில் எரிந்தேன், இறங்கிப் போய்விடலாம், பக்கவாட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, அதற்குள் இரும்பு தெரிந்தவன் டெரன்ஸ், இரும்பு என்ற சொல்லுக்கு டிரம்மின் விளிம்பில் ஓர் அடி, பித்தளைக்குத் தட்டில் ஓர் அடி, ஒலிப்பதிவு மறுபடி தலையிலிருந்து தொடங்க அதுவே தாளமாகிவிட்டது, மேன், உள்ள வா மேன் என்று பல்லைக் கடித்தபடி கத்தினான், நான் வாயைத் திறந்தேன், போகும் ஊர் எதுவென்று தண்டவாளம் கேட்பதில்லை என்ற எங்கள் பாட்டின் முதல் வரி, மேலே போகத் தெரியாத ஒரு குரலில், தாழ்வாக, கரகரப்பாக, தண்டவாளத்துக்கு அடியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் சல்லிக்கல்லைப் போல வெளிவந்தது, இதற்குமுன் நான் கேட்டிராத குரல், யாருக்கும் வாடகைக்கு விட்டிராத குரல், மேலே ஒலிபெருக்கியில் இளையவன் ஒருவன் பேரீச்சம்பழம் என்று முழங்க, கீழே நான் மெதுவாக நடந்துபோனேன், ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் பழைய இரும்பு என்று அரங்கம் அதிரக் கத்தியது, ஒரு சுற்றில் குருசாமி தன்னை மறந்து சாமியே என்றார், அருகிலிருந்த சிஸ்டர் எப்சிபா கண்ணை மூடி அல்லேலூயா என்றார், பின்வரிசையிலிருந்து அமலோற்பவம் மட்டும் எதுவும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அன்றுதான் கண்டேன்.

தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது என் குரல், காலை வெயில், சுவரொட்டியில் என் பிளந்த வாயை ஆடு ஒன்று தின்றுகொண்டிருக்கிறது, எந்தப் பாட்டுக்கும் நேராக நின்று மேலே நோக்கிக் கூவுவதற்காக வைத்திருந்த இரும்பு மைக் ஸ்டாண்டை, அடிப்பகுதி துருவேறியதை, தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், நேற்றுவரை ஆட்டோ வந்தால் எட்டிப்பார்த்தவர்கள் இன்று கூவல் முடிந்ததும் அவரவர் வாசலிலிருந்து பழைய இரும்பு என்று பதில் குரல் கொடுக்கிறார்கள், செல்லையா ஆட்டோவை நிறுத்துகிறார், அண்ணே, இது நல்லாத்தானே இருக்கு, ஏண்ணே போடுறீங்க என்கிறார், இனிமே உக்காந்துதான் பாடப்போறேன் செல்லையா என்கிறேன், என் தாழ்ந்த குரலைக் கேட்டு அவர் ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைக்கிறார், வேணாம், அது பாடட்டும் என்கிறேன், தராசுத் தட்டில் ஸ்டாண்டு சாய்கிறது, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி அவர் நீட்டும் பேரீச்சம்பழம் வெதுவெதுப்பாக இருக்கிறது, அமலோற்பவம் பின்னாலிருந்து கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறாள், கடைசில உங்க பாட்டுல ஒண்ணு வாய்க்கு ருசியா வந்திருக்கு என்கிறாள், நான் பதில் எழுதச் சிலேட்டைத் தேடவில்லை, ஆட்டோ கிளம்புகிறது, அடுத்த தெருவின் முனையில் அந்த இளையவன் மறுபடி மூச்சை இழுத்துச் சங்கை எழுப்புகிறான், உச்சியில் அதே நடுக்கம், அதற்குக் கீழே, கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, நான் பின்பாட்டுப் பாடுகிறேன்.